வால்வு போட்ட வட்டம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்குன்னு வீட்டுல எல்லாரும் சொல்வாங்க. சுத்தப் பொய். மூக்கு நுனியில வந்து காத்துக்கிட்டு நிக்கிற பொறுமையெல்லாம் என் கோபத்துக்குக் கிடையாது. கிளம்பினா நேரா வாய்க்குத்தான் வரும். அன்னிக்கு அப்பா அப்படிப் பேசினப்போ மட்டும் எப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு எனக்கே இன்னும் புரியல.

அப்பா ரேடியோ நிலையத்துல, டிரான்ஸ்மிட்டர் பக்கம் வேலை பார்த்து ஓய்வானவர். அவரும் அம்மாவும் சின்ன வீடா பார்த்து மாறப் போறாங்க. சாமான் குறைக்கணும். கட்டில் எதுக்கு, பீரோ எதுக்குன்னு ஒவ்வொண்ணா பேசி முடிச்சு, கடைசியா மேஜை மேல இருந்த ஸ்கோப்புக்கு வந்தார். மின்சாரம் எப்படி ஆடுதுன்னு கண்ணுக்குக் காட்டுற பெட்டி அது. சூட்கேஸ் அளவு இருக்கும், முன்னாடி வட்டமா ஒரு பச்சைக் கண்ணாடி. அப்பாவோட உயிர் பாதி அதுக்குள்ளதான்.

"இதை மாப்பிள்ளைங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான் கொடுக்கப் போறேன்"னார். "ஆனா சும்மா கிடையாது. அந்தக் காலத்து ரேடியோவுல மினுங்குமே கண்ணாடி வால்வு, அதை வச்சு ஒரு சர்க்யூட் கட்டிட்டு வரணும். அது இந்தத் திரையில சுத்தமான வட்டம் போடணும். யார் வட்டம் நல்லா இருக்கோ, ஸ்கோப் அவருக்கு."

"நான் கட்டிட்டு வரவாப்பா?"ன்னு கேட்டேன். மரியாதையாத்தான் கேட்டேன்.

அப்பா சிரிச்சார். "உனக்கு எதுக்கும்மா இது? நீ ஏதோ பொழுது போக ரேடியோ நோண்டிக்கிட்டு இருக்கே."

பொழுது போக! எங்க வீட்டுப் பின்கட்டுல காலையில சாலிடரிங் அயர்னைச் சூடு பண்ணினா அணைக்கறதுக்குச் சாயங்காலம் ஆயிடும். பாட்டுக் குழுக்காரங்க வால்வு ஆம்ப்ளிஃபயர், பழைய ரேடியோ, ஒலிபெருக்கின்னு எல்லாம் என்கிட்டதான் வருது. என்கிட்ட இருந்த சின்ன ஸ்கோப்போட படக்குழாய் செத்துப் போய், இப்ப அது பூனை படுக்கிற பெட்டி. அதுக்கப்புறம் இரைச்சல் எங்கே வருதுன்னு காதை வச்சுத்தான் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கேன். கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசியில நூல் கோக்கிற வேலை. எனக்கு அந்த ஸ்கோப் வேணும். வேற யாரை விடவும் எனக்குத்தான் வேணும்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், ஆஸ்பத்திரியில மெஷின்களைப் பராமரிக்கிறவர். உடனே சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டார். "வட்டம்தானே மாமா? நாங்க இதயத்தையே திரையில ஓட விடறவங்க"ன்னார். அவருக்கு ஸ்கோப் எதுக்குன்னு கேட்டா அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில அதை விடப் புதுசா நாலு வச்சிருக்கார். என் கணவர் ஜெயிச்சுடக் கூடாது, அவ்வளவுதான் அவர் வேண்டுதல்.

என் கணவர் பக்கம் வருவோம். ரயில் நிலையத்துல அறிவிப்பு சொல்றவர் அவர். குரல்னா அப்படியொரு குரல். வண்டி லேட்டுன்னு அவர் சொன்னா கோபமே வராது, இன்னொரு தடவை சொல்ல மாட்டாரான்னு இருக்கும். ஆனா பல்பு மாட்டச் சொன்னா ஏணியைப் பிடிச்சுக்கறேன்னு சொல்ற ரகம்.

வீட்டுக்கு வர்ற வழியில சொன்னேன். "நான் கட்டறேன். நீங்க கட்டினதா சொல்லுங்க. யார் பேர்ல வந்தா என்ன, ஸ்கோப் என் மேஜைக்கு வந்தா சரி."

"உங்கப்பா கேள்வி கேட்டா?"

"மனப்பாடம் பண்ணுங்க. தினம் அதைத்தானே பண்றீங்க."

மனுஷன் மறுக்கல. அதுதான் அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது. என்ன சொன்னாலும் "சரி, எத்தனையாவது பிளாட்பாரம்?"னு கேக்கற முகம்.

வேலை ஆரம்பிச்சேன். விஷயம் ரொம்பச் சின்னது. திரையில இருக்கறது ஒரு புள்ளி. ஒரு சிக்னல் அதை இடம் வலமா ஆட்டும், இன்னொண்ணு மேல கீழ ஆட்டும். ரெண்டும் ஒரே நேரத்துல கிளம்பினா சாய்வா ஒரு கோடு விழும். ஒண்ணு கிளம்பி, இன்னொண்ணு கால் சுத்து தாமதமாக் கிளம்பினா புள்ளி வட்டமாச் சுத்தும். ரெண்டோட பலமும் சமமா இருக்கணும், இல்லைன்னா முட்டை.

"தாமதமாக் கிளம்பறதுன்னா எனக்கு நல்லாவே தெரியும்"னார் இவர்.

அந்தத் தாமதத்தை உண்டாக்கறதுக்குத்தான் வால்வு. சுவத்துல வர்ற கரண்ட்டையே ஒரு டிரான்ஸ்பார்மர் வழியா இறக்கி வால்வுக்குள்ள விட்டேன். வால்வு அதை ரெண்டாக்கித் தரும், மேல பிளேட்டுல ஒண்ணு, கீழ கேத்தோடுல ஒண்ணு. ஒண்ணு ஏறும்போது மத்தது இறங்கும், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கண்டென்சரையும் ஒரு வால்யூம் கண்ட்ரோலையும் வரிசையா மாட்டி, அது ரெண்டும் சேர்ற இடத்துல இருந்து ஒரு வயர் எடுக்கணும். வால்யூம் கண்ட்ரோலைத் திருப்பத் திருப்ப அந்த வயர்ல வர்ற சிக்னல் அளவு மாறாது, தாமதம் மட்டும் கூடும். கால் சுத்து வந்ததும் நிறுத்தணும்.

எங்கே நிறுத்தறது? அங்கதான் இடிச்சது. வட்டம் வந்துச்சான்னு பார்க்க ஸ்கோப் வேணும். ஸ்கோப்பை ஜெயிக்கத்தான் வட்டமே போடறோம். அத்தான் ஆஸ்பத்திரியில ஜம்முனு பார்த்துக்குவார். என்கிட்ட இருக்கறது பூனை.

தலையைப் பிச்சுக்கிட்டேன். அப்புறம் மண்டையில உறைச்சது. மீட்டர் இருக்கே! கேத்தோடுல இருந்து தரைக்கு, அதாவது எர்த் வயருக்கு, அளந்தேன், பத்து வோல்ட். தாமதமான வயர்ல இருந்து தரைக்கு அளந்தேன், அதுவும் பத்து. இப்ப அந்த ரெண்டு வயருக்கும் நடுவுல அளக்கணும். ரெண்டும் ஒண்ணாவே கிளம்பினா நடுவுல ஒண்ணுமே இருக்காது. நேர் எதிரா இருந்தா இருபது. சரியா கால் சுத்து இருந்தா பதினாலும் கொஞ்சமும். வால்யூம் கண்ட்ரோலை மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பினேன். பதினொண்ணு, பன்னெண்டு, பதினாலு. நிறுத்திட்டேன். கண்ணால பார்க்காமலே என் வட்டம் எங்கேயோ அந்தக் கம்பிக்குள்ள சுத்திக்கிட்டு இருந்தது.

சந்தோஷம் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் கூட நிக்கல. திரும்பி வந்து பார்த்தா பதினாறு. பழைய கண்டென்சர் சூடாக ஆகக் கசிஞ்சிருக்கு. கரண்ட்டை நிறுத்தி, அதைப் பிடுங்கி எறிஞ்சேன். இவர் கதவுகிட்ட நின்னுக்கிட்டு லாவகமாப் பிடிச்சார். பழக்கம்.

புதுசு போட்டதும் முள் பதினாலுல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. அப்புறம் அவருக்குப் பாடம். "இடது கையைப் பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கோங்க. எக்காரணத்தைக் கொண்டும் வெளிய எடுக்காதீங்க. உள்ளே முந்நூறு வோல்ட் இருக்கு, ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியாப் போயிடும்"னேன். மனுஷன் அன்னியில இருந்து என்கிட்ட பேசும்போதே இடது கையைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டுத்தான் பேசறார்.

போட்டி நாள் வந்தது. நல்ல பகல் வெளிச்சம். ஜன்னலை எல்லாம் மூடி, பாதி கட்டின மூட்டைகளுக்கு நடுவுல ஸ்கோப்பைச் சுத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அப்பா, அம்மா, அக்கா, அத்தான், நாங்க ரெண்டு பேர். அப்பா சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையில இருந்தார். யாருக்கோ பரிசு கொடுக்கப் போற மாதிரி.

முதல்ல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்தார். புள்ளி குறுக்கே எவ்வளவு ஓடுது, நெடுக்க எவ்வளவு ஓடுதுன்னு ஸ்கேல் வச்சு அளந்து, ரெண்டும் சமமா வர்ற மாதிரி வச்சு, குமிழ்கள் மேல டேப் ஒட்டினார். "இனிமே இதை யாரும் தொடக்கூடாது."

அப்புறம் சுவத்து ஆணியில இருந்து ஒரு வளையலை எடுத்தார். அம்மாவோடது. கெட்டியான உலோக வளையல். ஸ்கோப் முன்னாடி இருந்த கட்டம் போட்ட கண்ணாடி எந்தக் காலத்துலயோ உடைஞ்சு போச்சு. அதுலேர்ந்து வட்டம் சரியா இருக்கான்னு பார்க்க அப்பாவுக்கு இந்த வளையல்தான். மேல ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். அந்த நூலைப் பிடிச்சு, வளையலைக் கண்ணாடியோட ஒட்டி வச்சு, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கோடு வளையலுக்குள்ள ஒட்டி ஓடினா வட்டம். அதான் தீர்ப்பு.

"அதான் கையில ஸ்கேல் இருக்கே, அதாலயே அளந்துடலாமே"ன்னேன்.

"ஸ்கேல் நேர்கோட்டுக்கு. வட்டத்துக்கு வளையல்"னார். இவ்வளவு வருஷம் டிரான்ஸ்மிட்டரைக் கட்டி மேய்ச்சவர்கிட்ட நான் என்னத்தைச் சொல்றது.

அத்தான் முதல்ல. பெட்டியே பளபளன்னு இருந்தது, ஆஸ்பத்திரிப் பெயின்ட். வால்வு சூடாகற வரைக்கும் சும்மா இருக்க முடியாம தன் பெருமையை ஒரு ரவுண்டு பேசினார். திரையில பச்சைக் கோடு மெல்ல விரிஞ்சது. அப்பா நூலைப் பிடிச்சு வளையலை வச்சார். அத்தான் பெட்டியில இருந்த அளவுக் குமிழைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

கோடு வளையலுக்குள்ள உள்சட்டை மாதிரி ஒட்டிக்கிச்சு. ஒரு மயிரிழை இடைவெளி கிடையாது.

"பிரமாதம்!"னு அப்பா எழுந்தே நின்னுட்டார். "மாப்பிள்ளை, இவ்வளவு சுத்தமா நானே போட்டதில்ல!"

அத்தான் அடக்கமா இருக்கற மாதிரி நடிச்சார். பார்க்கவே சகிக்கல.

அடுத்தது எங்களோடது. பிஸ்கட் டப்பா தகரத்துல கட்டின பெட்டி. இவர் முன்னாடி போய் நின்னு, இடது கையைப் பாக்கெட்ல போட்டு, தொண்டையைச் சரி பண்ணி ஆரம்பிச்சார்.

"கனிவான கவனத்திற்கு. டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்படும் சிக்னல், வால்வை வந்தடைந்து, பிளேட் மற்றும் கேத்தோடு ஆகிய இரு மார்க்கங்களாகப் பிரிகிறது. கேத்தோடு ஜங்ஷனிலிருந்து செல்லும் சிக்னல் குறித்த நேரத்தில் கிளம்பும். கண்டென்சர் வழியாகச் செல்லும் சிக்னல் கால் சுற்று தாமதமாக வந்து சேரும். தாமதத்திற்கு வருந்துகிறோம்."

வருத்தத்தை எல்லாம் நான் சொல்லித் தரல. அது அவரோட சொந்தச் சரக்கு. அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. அப்பா மட்டும் ரொம்பக் கவனமாத் தலையாட்டினார்.

வால்வு சூடாச்சு. திரையில முதல்ல ஒரு புள்ளி, அப்புறம் குட்டியா ஒரு வளையம், அப்புறம் அது பெருசாகி நின்னுச்சு. நான் அப்பதான் என் வட்டத்தை முதல் தடவையாப் பார்க்கறேன். அவ்வளவு அழகா இருந்தது, தட்டு கழுவி வச்ச மாதிரி.

அப்பா நூலைப் பிடிச்சு வளையலை வச்சார். ஒரு கண்ணை மூடினார். இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தார்.

மேலயும் கீழயும் ஒட்டுது. ரெண்டு பக்கமும் இடைவெளி.

"கொஞ்சம் கோணல்"னார் அப்பா, துக்கம் விசாரிக்கிற குரல்ல. "பரவாயில்ல சின்ன மாப்பிள்ளை. முயற்சி பண்ணினீங்களே, அதுவே பெரிசு. விளக்கம் ரொம்ப நல்லா இருந்தது."

"ஆமா, ஆமா. பழகினா வந்துடும்"னு அத்தான் இவர் தோள்ல தட்டினார். இவர் "நன்றி"ன்னார். நன்றியாம்!

எனக்குக் கோபம் கிளம்பிடுச்சு. வாய்க்கு வந்துடுச்சு.

"எது கோணல்? என் வட்டமா கோணல்? பத்துக்குப் பத்து, நடுவுல பதினாலு! என் சர்க்யூட் எப்படிக் கோணலாப் போடும்?"

கத்தின அப்புறம்தான் "என்"னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்னு உறைச்சது. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். கடிச்சு என்ன பிரயோஜனம். எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. இவர் மட்டும் மேல ஃபேனைப் பார்த்தார்.

சரி, மானம் போனது போச்சு, வட்டமாவது மிஞ்சட்டும்னு அப்பா கையில இருந்த வளையலை வாங்கினேன். நூல் மேல வர்ற மாதிரி வச்சேன். இடைவெளி இடமும் வலமும். அப்படியே வளையலைக் கால் வாசி திருப்பி, நூல் பக்கவாட்டுல வர்ற மாதிரி வச்சேன். இப்ப இடைவெளி மேலயும் கீழயும்.

"பாருங்கப்பா. கோடு அசையல. அது பாட்டுக்கு நிக்குது. வளையலைத் திருப்பினா இடைவெளி வளையல் கூடவே திரும்புது. என் வட்டம் கோணலா இருந்தா இடைவெளி இருந்த இடத்துலயே இருக்கணுமா இல்லையா? கோணல் வட்டத்துலயா, உங்க வளையல்லயா?"

அப்பா வளையலை வாங்கித் தானே திருப்பினார். நேரா வச்சார், குறுக்க வச்சார். மறுபடி நேரா. முகத்துல ரத்தமே இல்ல. அத்தனை வருஷமா நூலைப் பிடிச்சு ஒரே மாதிரி வச்சவர், ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

அப்ப மூலையில இருந்து ஒரு சத்தம். அம்மா சிரிக்கறாங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு.

"அது ஜன்னல் கதவுல மாட்டி நசுங்கின வளையல்ங்க"ன்னாங்க. "கையில போட்டா உறுத்துச்சு. நீங்க வட்டமா ஏதாவது கொடுன்னு கேட்டீங்களா, எடுத்துக் கொடுத்துட்டேன். நல்ல வளையலையா உங்ககிட்டக் கொடுப்பேன்? அதுல சாலிடர் ஒட்டி வச்சுடுவீங்களே!"

அம்மா தன் கையில இருந்த கண்ணாடி வளையல் ஒண்ணைக் கழட்டிக் கொடுத்தாங்க. அதை என் வட்டத்து மேல வச்சு, என் பெட்டியில அளவுக் குமிழை மட்டும் ஒத்து வர்ற மாதிரி கொஞ்சம் குறைச்சேன். ஒட்டிக்கிச்சு. திருப்பினேன், ஒட்டிக்கிச்சு. எப்படித் திருப்பினாலும் ஒட்டிக்கிச்சு. எனக்கு இருந்த வெறியில விடுவேனா, அத்தானோட பெட்டியையும் மறுபடி மாட்டி அதே கண்ணாடி வளையலை வச்சேன். பச்சையா ஒரு முட்டை!

அப்பாவுக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. "மாப்பிள்ளை, உங்க முட்டை என் வளையலுக்கு மட்டும் எப்படி அவ்வளவு கச்சிதமாப் பொருந்துச்சு?"

அத்தான் தொண்டையைச் செருமினார். அக்கா பாவம், வெகுளி. "பாலிஷ் போட்டுத் தரேன்னு அம்மாகிட்ட வாங்கிட்டுப் போனாரேப்பா. ஆஸ்பத்திரி ஸ்கோப்ல அதை வச்சுத்தான் வட்டத்தைச் சரி பார்த்தாராம்"னா. அத்தான் அவளை ஒரு பார்வை பார்த்தார். அன்னிக்கு ராத்திரி அவங்க வீட்டுல என்ன நடந்ததுன்னு நான் கேட்டுக்கல.

ஆனா மனுஷன் லேசுல விழறவர் இல்ல. "அதெல்லாம் இருக்கட்டும் மாமா"ன்னு எழுந்தார். "போட்டி மாப்பிள்ளைங்களுக்குத்தானே? இவ 'என் சர்க்யூட்'ங்கறா. முதல்ல அதைக் கட்டினது யாருன்னு கேளுங்க."

அப்பா இவர் பக்கம் திரும்பினார். "சின்ன மாப்பிள்ளை, நீங்களா கட்டினீங்க?"

ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஸ்கோப் எங்களுக்கு. நான் கண்ணைக் காட்டினேன். புருவத்தைத் தூக்கினேன். காலைக் கூட மிதிச்சேன். இவர் இடது கையைப் பாக்கெட்ல இருந்து எடுத்தார். வேற குரல்ல, வீட்டுல பேசற சாதாரணக் குரல்ல சொன்னார். "இல்ல மாமா. எனக்கு அந்தப் பெட்டியில எது முன்பக்கம்னு கூடத் தெரியாது. எல்லாம் இவதான். தப்பான வண்டியை என் வாயால அறிவிக்க மாட்டேன்."

எனக்கு அவரை அடிக்கணும் போலவும் இருந்தது, கட்டிப் பிடிச்சுக்கணும் போலவும் இருந்தது. ரெண்டையும் செய்யல, பெரியவங்க இருந்தாங்க.

அப்பா என்கிட்ட வந்தார். "உங்கிட்டதான் ஸ்கோப் இல்லையே. வட்டம்னு எப்படித் தெரிஞ்சது?"

சொன்னேன். பத்து, பத்து, பதினாலு. அவர் தன்னோட மீட்டரை எடுத்துட்டு வந்து, என் பிஸ்கட் டப்பாவுல அளந்தார். மூணு இடத்துலயும் அளந்தார். அப்புறம் ஒரு மூட்டை மேல உட்கார்ந்துட்டார்.

அங்க உட்கார்ந்தபடியே, "ஸ்கோப் இல்லாமலே வட்டம் போடறவளுக்கு ஸ்கோப் எதுக்கு?"ன்னார்.

"அதான் மாமா நானும் சொல்றேன்!"னு அத்தான் பாஞ்சார்.

"ஏன்ப்பா, காது நல்லாக் கேக்குதுங்கறதுக்காகக் கண்ணைப் பிடுங்கிக்குவீங்களா?" நான் அப்பா முன்னாடி போய் நின்னேன். "ஒரு ஆம்ப்ளிஃபயர்ல இரைச்சல் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கப் பொழுதெல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இதுல பார்த்தா ஒரு நிமிஷ வேலை. நான் பொழுதுபோக்கா நோண்டலப்பா. அதான் என் தொழில். எனக்கு வேணும். மாப்பிள்ளை பேர்ல வாங்கிக்கலாம்னு வந்தேன், அது என் தப்பு. இப்ப நானே கேக்கறேன், கொடுங்க."

"அது சரி, ஆனா மாப்பிள்ளைங்களுக்குன்னு ரூல் போட்டுட்டு"ன்னு அத்தான் இழுத்தார்.

அம்மா டீ டம்ளர்களை எடுத்துக்கிட்டே போனாங்க, நிக்கக் கூட இல்ல. "நசுங்கின வளையலை நம்பினவர் போட்ட ரூல்தானே அது"ன்னாங்க.

அப்பா மெதுவா எழுந்து போய் குமிழ்கள் மேல ஒட்டின டேப்பை ஒவ்வொண்ணா உரிச்சார். பிளக்கைப் பிடுங்கினார். வயரைச் சுருட்டி, ஒரு துணியை எடுத்துப் பச்சைக் கண்ணாடியைத் துடைச்சார். ஏற்கெனவே சுத்தமாத்தான் இருந்தது. அப்புறமும் துடைச்சார். யாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கும் கேக்கத் தைரியம் இல்ல.

சாமான் ஏத்த வந்த வண்டிக்காரர் வாசல்ல இருந்து எட்டிப் பார்த்தார். அப்பா ஸ்கோப்பைக் காட்டினார். வண்டிக்காரர் அத்தானையும் பார்த்து, இவரையும் பார்த்து, "இது எந்த சார் வீட்டுக்குப் போகுது? எப்படிப் பிடிச்சுத் தூக்கறது சார்?"னு கேட்டார்.

"அவங்களைக் கேக்காதீங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னார் அப்பா. என் பக்கம் கையைக் காட்டினார். "மெக்கானிக் அங்க நிக்கறாங்க. இது அவங்க ஸ்கோப். அவங்க சொல்ற மாதிரி தூக்குங்க."

எனக்குக் கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு. கோபம்னா எவ்வளவு வந்தாலும் எனக்குச் சமாளிக்கத் தெரியும், இது எனக்குப் பழக்கமே இல்ல. வண்டிக்காரர் பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கறார், அப்பா நேராப் பார்க்கறார், வாயில வார்த்தையே வரல.

வண்டிக்காரர் பொறுமை இழந்து ஸ்கோப்பைத் தலைகீழாச் சாய்க்கப் போனார்.

"ஐயையோ, நிமிர்த்திப் பிடிங்க! அடியில கை கொடுங்க! ஏங்க, சும்மா நிக்காம நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, அந்த இடது கையையும் பாக்கெட்ல இருந்து எடுங்க!"ன்னு தெருவே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்தினேன்.